'டிஸ்ட்ரிபியூட்டட் ஃபைபர் ஆப்டிக் சென்சிங்': வெள்ளிக்குள் ஒரு சொல் தேவை

வ.செ., திருச்சி

அன்புள்ள குழுமத்தாருக்கு,

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான கட்டடப் பொறியியல் நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மேலே உள்ள தொடர்தான் ஓர் அத்தியாயத்தின் தலைப்பு, அங்கேயே நின்றுவிட்டேன். அகராதிகளைப் பார்த்துக் கோத்தால் 'பகிர்மான ஒளியிழை உணர்தல்' என்று வருகிறது. பகிர்மானம் என்றால் நம் ஊரில் மின்சாரம்தான். மாணவி ஒருவரிடம் காட்டினேன். "எதை யாருக்குப் பகிர்ந்து குடுக்கிறாங்க சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருள் தன் நீளத்தில் எத்தனை பங்கு இழுபடுகிறது அல்லது அமுங்குகிறது என்பதே திரிபு. அதை அளக்கும் வழக்கமான திரிபுமானியை ஓரிடத்தில் ஒட்டுவோம். அது அந்த ஓரிடத்தைப் பற்றி மட்டும் சொல்லும். இங்கே 125 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி இழைக்குள் லேசர் துடிப்பை அனுப்புகிறோம். வழியில் ஒவ்வோர் இடத்திலிருந்தும் கொஞ்சம் ஒளி சிதறித் திரும்புகிறது. திரும்பிவர எடுத்த நேரத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கிறோம். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஆகவே 10 நானோநொடி தாமதம் என்றால் இழையில் 1 மீட்டர் தள்ளி. திரும்பும் ஒளியின் அதிர்வெண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால், அவ்விடத்தில் இழை எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். தனியாக உணரி என்று எதையும் பொருத்துவதில்லை. கிலோமீட்டர் கணக்கில் நீளும் முழு இழையும் உணரிதான். இந்தக் கருத்துக்குத்தான் சொல் தேடுகிறேன்.

ர.கு., சென்னை

வணக்கம். பைல், அதாவது தரைக்குள் இறக்கும் கான்கிரீட் அடித்தூண், அந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். சைட்டில் இதற்குப் பெயர் 'ஃபைபர் கேபிள்', அவ்வளவுதான். 'ஒளியிழை' எனக்குச் சம்மதம். ஆனால் 'இழை' என்று மட்டும் சுருக்காதீர்கள். அதே நூலில் இழை கலந்த கான்கிரீட் வரும், கண்ணாடியிழைத் தகடும் வரும். மாணவர்கள் குழம்புவார்கள்.

தலைப்பில் இன்னொன்றும் விடுபடுகிறது. பைலுக்கான கம்பிக்கூடு தரையில் கிடக்கும்போதே கேபிளை முதன்மைக் கம்பியை ஒட்டி மேலிருந்து கீழ்வரை கொண்டுபோய், அடியில் வளைத்து, எதிர்ப்பக்கக் கம்பி வழியாக மேலே கொண்டுவருவோம். இரு பக்க அளவுகளின் சராசரி பைல் அமுங்குவதைக் காட்டும். வித்தியாசம் அது வளைவதைக் காட்டும். கேபிளை லேசாக இழுத்து இறுக்கித்தான் கட்ட வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு கேபிள் போகும். அதற்குள் இழை தளர்வாக, ஜெல்லில் மிதக்கும். கான்கிரீட் இழுத்தாலும் அது இழுபடாது, வெப்பநிலையை மட்டும் உணரும். 1 டிகிரி வெப்பம் ஏறினால் அதிர்வெண் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ் நகர்கிறது. கிட்டத்தட்ட 20 மைக்ரோ திரிபுக்கும், அதாவது நீளத்தில் பத்து லட்சத்தில் 20 பங்கு மாற்றத்துக்கும், அதே நகர்வுதான். கான்கிரீட் இறுகும்போது எவ்வளவு சூடாகும் என்று எல்லோருக்கும் தெரியும். தளர்ந்த கேபிள் இல்லாவிட்டால் எது சுமை, எது சூடு என்று பிரிக்கவே முடியாது. எனவே ஒரு பெயர் போதாது. இறுக்கிக் கட்டியதற்கும் தளர்வாக விட்டதற்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்.

புலவர் தி.நா., மதுரை

அன்பர் வ.செ. அவர்களுக்கு,

தேடும் சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. மரபியலில் 'ஒன்றறி வதுவே உற்றறி வதுவே' என்கிறார். உறுதல் என்றால் தொடுதல், படுதல். தொட்டதை அறிவது ஓரறிவு. அடுத்து 'புல்லும் மரனும் ஓரறி வினவே' என்கிறார். புல்லுக்குக் கண் என்றோ காது என்றோ தனி உறுப்பு கிடையாது. உடல் முழுவதாலும் உறுவதை அறிகிறது. தாங்கள் சொல்லும் கண்ணாடி இழையும் அதே இயல்பினது அல்லவா? 'முழு இழையும் உணரி' என்று மூன்று சொல்லில் சொல்வதை 'உற்றறியிழை' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். 'உணர்' என்பதோ மனத்தால் அறிவதற்கும் பொதுவான சொல். ஓர் இரும்புக் கம்பியோடு கட்டிய பொருளுக்கு உற்றறிதலே பொருந்தும்.

ச.யோ., யாழ்ப்பாணம்

வணக்கம். எங்கள் பாடநூல்களில் 'ஒளியியல் நார்' என்றுதான் பாவிக்கிறோம். 'இழை' எங்களுக்கும் விளங்கும். அதில் பிடிவாதம் இல்லை. ஆனால் 'திரிபு' என்றால் எங்கள் மாணவர்களுக்கு விளங்காது. உங்கள் தகைவும் (stress) திரிபும் (strain) எங்களுக்குத் தகைப்பும் விகாரமும். இந்நூல் இங்கேயும் வரும் என்றால் அடிக்குறிப்பாவது போடுங்கள்.

புலவர் தி.நா., மதுரை

யாழ்ப்பாணத்து அன்பர் நல்ல இடத்தைத் தொட்டார். 'தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்' என்பது நன்னூல். விகாரம் பொதுப்பெயர்; திரிதல் அதன் மூன்று வகையுள் ஒன்று. அதாவது இரு நாட்டாரும் ஒரே நூற்பாவிலிருந்து எடுத்திருக்கிறோம். அவர்கள் தலைச்சொல்லை எடுத்தார்கள், நாம் உட்பிரிவை எடுத்தோம். இலக்கணப்படி அவர்கள் பக்கமே நியாயம் அதிகம். ஒரு பொருள் நீள்வது தோன்றலா, திரிதலா என்றே விவாதிக்கலாம். திரி என்ற வேருக்கு முறுக்குதல் என்ற பொருளும் உண்டு. விளக்குத் திரி அப்படி வந்ததே. முறுக்கு விசையால் வருவதற்கு மட்டும் திரிபை ஒதுக்கிவிட்டு...

ர.கு., சென்னை

புலவர் ஐயா, மன்னிக்க வேண்டும். திரிபு பள்ளிப் பாடத்தில் ஊன்றிவிட்டது. அதை இப்போது அசைக்க வேண்டாம்.

மா.இ., கோவை

நான் இயற்பியல் ஆசிரியை. இந்த அத்தியாயத்தில் மூன்று சிதறல்கள் வரும்: ராலே, ராமன், பிரில்லுவன். அதிர்வைக் கேட்க ராலே, திரிபுக்குப் பிரில்லுவன், வெப்பநிலைக்கு ராமன். சுரங்கப் பாதைகளில் தீயைக் கண்டுபிடிக்க மேற்கூரை நெடுக இழுத்திருக்கும் கேபிள் ராமன் வகையில் வேலை செய்வதுதான். 1928இல் கல்கத்தாவில் அதைக் கண்டபோது ராமனோடு நின்றவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். தமிழில் அறிவியல் எழுதியவர். ஒரு தமிழ்ப் பாடநூலிலாவது 'ராமன்–கிருஷ்ணன் சிதறல்' என்று போடக்கூடாதா? நெடுநாள் ஆதங்கம், எழுதிவிட்டேன்.

தலைப்புக்கு வருகிறேன். 'பகிர்மான' என்பதற்குப் பதிலாகப் 'பரவல்' என்று போடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், புள்ளியியலில் அது வேறு பொருளில் குடியேறிவிட்டது. உற்றறி அழகான சொல். ஆனால் என் மாணவர்கள் 'உற்று நோக்கு' என்பதைத்தான் நினைப்பார்கள். கேமரா என்று எழுதினாலும் எழுதுவார்கள். மேலே 'மேற்கூரை நெடுக' என்று யோசிக்காமலே எழுதியிருக்கிறேன், பாருங்கள். வழி நெடுக, கரை நெடுக என்பது எல்லோர் வாயிலும் இருக்கிறது. நெடுக உணர்வது 'நெடுகுணரி' ஆகாதா?

ர.கு., சென்னை

ஆகும், அம்மா. எனக்கு இதுவே சரி. நூலில் கோதன்பர்க் பாலம் வருகிறதா? சுவீடனில் யோத்தா ஆற்றின் மேல் 1939இல் கட்டியது. எஃகு உத்தரங்களில் விரிசல் விழும் என்று பயம். எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. புள்ளிப் புள்ளியாக மானி ஒட்டினால் இரண்டு மானிக்கு நடுவே விரிசல் விட்டுவிடும். அதனால் உத்தரங்கள் நெடுக 5 கிலோமீட்டர் அளவுக்கு இழை ஒட்டினார்கள். 2021இல் புதுப் பாலம் திறந்த பிறகு பழையது கழற்றப்பட்டது. அதுவரை போக்குவரத்து ஓட இதுவும் உதவியது. அங்கே 'நெடுக' என்பதற்காகத்தான் செலவே செய்தார்கள்.

வ.செ., திருச்சி

கோதன்பர்க் வருகிறது. லண்டன் அஞ்சல் சுரங்கமும் வருகிறது. 1927 முதல் 2003 வரை ஆளில்லாமல் கடிதப் பைகளைச் சுமந்து ரயில் ஓடிய வார்ப்பிரும்பு வளையச் சுரங்கம் அது. அதற்கு நேர் கீழே லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் கிராஸ்ரெயில் என்ற புதிய ரயில்பாதைக்கு நடைமேடைச் சுரங்கம் தோண்டியபோது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு வளையங்களைச் சுற்றியும் சுரங்கத்தின் நீளத்திலும் இழையைப் பொருத்தி அளந்தது. இங்கே எனக்கு ஒரு சந்தேகம். வளையத்தைச் சுற்றிப் போகும் இழை 'நெடுக' ஆகுமா?

மா.இ., கோவை

இழைக்குத்தானே நெடுகல்? சுரங்கத்துக்கு இல்லையே. சுற்றிப் போனாலும் இழை தன் நீளம் நெடுக உணர்கிறது.

புலவர் தி.நா., மதுரை

நெடுகுதல் என்ற வினை உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் நெடுகு + உணரி வினைத்தொகையாகிறது. நெடுகிய உணரி, நெடுகும் உணரி, நீண்டுகொண்டே போகும் உணரி என்று பொருள் விரியும். நெடுக என்னும் எச்சத்திலிருந்து ஆக்கினால் 'நெடுகவுணரி' என்றல்லவா வர வேண்டும்?

ர.கு., சென்னை

ஐயா, நீண்டுகொண்டு உணர்வதுதான் அதன் வேலையே. வினைத்தொகையே பொருந்திவிட்டது!

புலவர் தி.நா., மதுரை

பைல் அமுங்குவதையும் இழை காட்டும் என்று தாங்களே எழுதினீர்கள். அப்போது அது நீளாது, சுருங்குமே.

ச.யோ., யாழ்ப்பாணம்

நெடுகுணரிக்கு என் ஆதரவு. எங்கள் பேச்சில் 'நெடுக' என்றால் 'எப்போதும்' என்றும் பொருள். "நெடுக இதையே சொல்லுறான்" என்போம். ஓயாமல் கண்காணிக்கும் கருவிக்கு அதுவும் பொருந்தும். ஒரு கேள்வி: பிராக் கீற்றணி, அதாவது ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பியனுப்பும் நுண்கோட்டு வரிசை, பதித்த இழையும் நெடுகுணரியா?

ர.கு., சென்னை

இல்லை. அதில் கீற்றணி பதித்த இடங்கள் மட்டும்தான் உணரும். நடுவில் உள்ள இழை ஒளியைக் கடத்துவதோடு சரி. ஒரே இழையில் வரிசையாகப் பல புள்ளி உணரிகள். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் ரயில் பாலங்களின் உத்தரங்களில் வைத்தது அந்த வகை. ரயில் கடக்கும் சில நொடிகளுக்குள் ஏறி இறங்கும் திரிபைப் பிடிக்க அதுதான் வசதி. அதை 'புள்ளித்தொடர் உணரி' என்று பிரித்துவிடுங்கள். நெடுகுணரியின் கீழ் மட்டும் சேர்க்காதீர்கள். தேர்வில் இதைத்தான் கேட்பார்கள்.

வ.செ., திருச்சி

அனைவருக்கும் நன்றி. இப்போதைக்கு இப்படி அனுப்புகிறேன்: அத்தியாயத் தலைப்பு 'நெடுகுணர் ஒளியிழைக் கண்காணிப்பு'. கருவி நெடுகுணரி. இறுக்கிக் கட்டியது திரிபிழை, தளர்வாக விட்டது வெப்பிழை. திரிபு வரும் முதல் இடத்தில் விகாரம் அடிக்குறிப்பு. உற்றறியிழை கலைச்சொல் பட்டியலில் மாற்றுச் சொல்லாக. ராமன் சிதறல் அப்படியே, கே.எஸ். கிருஷ்ணனின் பங்கைத் தனிப் பத்தியாகச் சேர்த்துவிட்டேன், அம்மா.

புலவர் தி.நா., மதுரை

மாற்றுச் சொல்லாகப் போட்டதற்கு நன்றி. எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். 'வெப்பிழை' வெப்பு + இழை என்று பிரிந்து காய்ச்சல் என்றும் பொருள்படும். அதையாவது வெள்ளிக்கு முன் மாற்றுங்கள். 'வெப்பவிழை' என்றால் விழைதல் குறுக்கே வருகிறது. நாளை காலைக்குள் வேறொன்று எழுதுகிறேன்.