கண்ணாடி வராண்டாவில் தக்காளி: பூ உதிர்ந்த கதையும் பிஞ்சு பிடித்த கதையும்

கோத்தகிரியிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருக்கு. வெளியில எது வச்சாலும் ராத்திரி காட்டெருமை வந்து மேய்ஞ்சுட்டுப் போயிடும், தப்பினதைக் குரங்கு பிடுங்கிப் போட்டுடும். அத்தைக்கு முழங்கால் வலி, தோட்டத்துக்கு இறங்க முடியாது. அவங்க உட்கார்ற இடத்துலயே செடி இருக்கட்டும்னு ஆடியில நாத்து விட்டு, நாலு தொட்டியை முன்பக்கக் கண்ணாடி வராண்டாவுக்குள்ள வச்சேன்.

புரட்டாசியில நல்லாப் பூத்துச்சு. ஒண்ணுகூடப் பிஞ்சு பிடிக்கல. பூக்காம்புல நடுவுல ஒரு சின்னக் கணு இருக்குமே, சரியா அந்த இடத்துல மஞ்சளாகி ஒடிஞ்சு விழும். அத்தை தினமும் காலையில பொறுக்கி எடுத்து எண்ணிச் சொல்வாங்க. "இன்னிக்கு ஒம்பது பூ." கேக்கவே கஷ்டமா இருக்கும்.

சத்துதான் பத்தலைன்னு நெனச்சு மண்புழு உரம் அள்ளிப் போட்டேன், தேங்காய்ப்பாலும் மோரும் சேத்துப் புளிக்க வச்ச தேமோர் கரைசல் அடிச்சேன். இலை கரும்பச்சையாத் தழைச்சது, பூ உதிர்றது நிக்கல. பக்கத்து வீட்டுல அடுக்குத் தேனீப் பெட்டி வச்சிருக்காங்க. அதுங்க உள்ள வரட்டும்னு நாள் முழுக்க ஜன்னலைத் திறந்து வச்சேன். வராண்டாவுல இருந்த துளசிக்கு வந்துச்சுங்க, தக்காளியைத் திரும்பிக்கூடப் பாக்கல.

ஐப்பசியில ஒருநாள் மழை விட்டு நல்ல வெயில். சாய்ஞ்சிருந்த ஒரு கிளையைக் குச்சியோட சேத்துக் கட்டினேன். கயிறை இறுக்கும்போது செடி அதிர்ந்து, பூக்கொத்துலேர்ந்து மஞ்சளா ஒரு தூள் வெயில்ல பறந்துச்சு. அப்ப அதைப் பெருசா எடுத்துக்கல. பத்து நாள் கழிச்சுப் பாத்தா, அந்தக் கொத்துல மட்டும் மூணு பூவுக்குக் காம்பு தடிச்சு, வாடின இதழுக்குள்ள கடுகு மாதிரி பச்சையா ஒண்ணு எட்டிப் பாக்குது. மத்த கொத்து எல்லாம் வழக்கம்போலக் கீழ கிடக்கு.

அந்தத் தூள்தான் மகரந்தம்னு அப்புறம்தான் உறைச்சது. வெளியில காத்து ஆட்டிவிடும். கண்ணாடிக்குள்ள ஆட்ட யாருமே இல்ல. இப்ப தினமும் பதினோரு மணிக்கு அத்தையே ஒவ்வொரு கொத்தையும் விரலால சுண்டி விடுறாங்க. இது போதுமா? வீட்டுக்குள்ள தக்காளி வளத்தவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க.

கொடைக்கானலிலிருந்து

அக்கா, சுண்டுறது சரிதான். ஆனா ராத்திரிக் குளிரையும் பாருங்க. நான் ஒரு வருஷம் முழுசா ஏமாந்தது அதுலதான்.

நாங்க ஏரிக்குப் பக்கம், பள்ளத்துல இருக்கோம். மார்கழி, தையில புல்லு மேல உறைபனி வெள்ளையாப் படிஞ்சிருக்கும். பெரியகுளத்துல தோட்டக்கலைக் கல்லூரியிலேர்ந்து வந்த பி.கே.எம். 1 விதையை ஜன்னலோரம் போட்டிருந்தேன். கட்டையா வளர்ற ரகம், தொட்டிக்கு ஏத்தது. அதோட பூர்வீகம் தேனிப் பக்கத்து அன்னஞ்சித் தக்காளி, கீழ்நாட்டு வெயில்ல பொறந்தது. அதைக் கொண்டாந்து 2100 மீட்டர் உயரத்துல, கண்ணாடிக்குப் பக்கத்துல வச்சுட்டேன். தினம் ரெண்டு தடவை தட்டியும் ஒண்ணும் நடக்கல.

அப்புறம் ஒரு வெப்பமானி வாங்கி ஜன்னல்லயே தொங்கவிட்டேன். விடியக்காலையில 8 டிகிரி காட்டுது. ராத்திரி 13 டிகிரிக்குக் கீழ போச்சுன்னா தக்காளி மகரந்தம் ஒழுங்கா உருவாகாது, முளைக்கவும் முளைக்காது. உள்ள தூளே இல்லாத பூவை எத்தனை தட்டினா என்ன? தொட்டியைத் தூக்கி விறகடுப்பு இருக்கிற சமையக்கட்டுல வச்சேன். அங்க ராத்திரி 15, 16 இருக்கும். பகல்ல மட்டும் ஜன்னலுக்குக் கொண்டு போவேன். மூணு வாரத்துல புதுசா வந்த பூவுல பிஞ்சு பிடிச்சது. குளிர்ல மொக்கு விட்டதுல பிடிச்ச ரெண்டு காய் மட்டும் கோணல்மாணலா, அடியில தழும்போட வந்துச்சு. நோய்னு பயந்துட்டேன். மொக்கு உருவாகுறப்ப பட்ட குளிர்தான் அப்படிக் காட்டுமாம். அறுத்துப் பாத்தா உள்ள நல்லாத்தான் இருந்துச்சு, ரசத்துக்குப் போட்டோம்.

ஒட்டன்சத்திரத்திலேர்ந்து தக்காளி ஏறி வருது, இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடுன்னு வீட்டுல கேட்டாங்க. செடியிலேயே பழுத்ததை ஒருதடவை சாப்பிட்டதும் அவங்களே தொட்டி தூக்க வந்துட்டாங்க.

குன்னூரிலிருந்து

நான் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கோத்தகிரி சகோதரி கேட்டதற்கு என் பங்குக்குச் சிலவற்றைச் சொல்கிறேன்.

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள்தான். வேறு செடி தேவையில்லை. ஆனால் மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பெண் பகுதியான சூல்முடியைச் சுற்றி மூடிய கூம்பாக நிற்கின்றன. தூள் அந்தக் கூம்பின் உட்புறமாகத்தான் வெளியேறும். அதனால் மேலே தூரிகையால் தடவிப் பெரிய பயன் இல்லை. நானும் பஞ்சுக்குச்சியால் ஒரு மாதம் தடவிப் பார்த்தவன்தான். கூம்பை அதிர வைத்தால் மிளகுத்தூள் டப்பாவைத் தட்டியதுபோல் உள்ளிருந்து உதிரும்.

உங்கள் ஜன்னலுக்கு வந்த அடுக்குத் தேனீக்களைக் குறை சொல்ல வேண்டாம். தக்காளிப் பூவில் தேனே கிடையாது. தவிர, அவற்றுக்கு இப்படி அதிரவைக்கும் வித்தை தெரியாது. கருவண்டு என்கிறோமே, மரத்தைத் துளைக்கும் அந்தப் பெரிய வண்டும், வயிற்றில் நீல வரி போட்ட தேனீயும் பூவைக் கவ்விப் பிடித்து, சிறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் துடிக்கவிட்டு ரீங்கரிக்கும். அந்த அதிர்வில் தூள் கொட்டும். ஐரோப்பாவில் கண்ணாடிக் கூடங்களில் இந்த வேலையை ஆட்கள் அதிர்வுக் கருவியோடு கொத்துக் கொத்தாகச் செய்துகொண்டிருந்தார்கள். பெல்ஜியத்தில் ரோலண்ட் டி யோங்கே என்ற கால்நடை மருத்துவர், பம்பிள்பீ என்னும் ரோமம் அடர்ந்த தேனீ இதை அருமையாகச் செய்வதைக் கண்டு, 1987-இல் அவற்றைப் பெட்டியில் வளர்த்து விற்கத் தொடங்கினார். நம் நாட்டில் அந்தத் தேனீ இமயமலைப் பக்கம்தான், நீலகிரியில் இல்லை. இங்கே நாம்தான் ரீங்கரிக்க வேண்டும்.

அந்த ரீங்காரம் நொடிக்குச் சில நூறு அதிர்வுகள் கொண்டது. அதைப் படித்ததும் எனக்கு இசைக்கவை நினைவுக்கு வந்தது. பள்ளி ஆய்வகத்தில் ஒலியலை நடத்த எடுப்போமே, 256 ஹெர்ட்ஸ் கவை, அதாவது நொடிக்கு 256 முறை அதிர்வது. என்னிடம் பழையது ஒன்று இருந்தது. ரப்பரில் தட்டி, அதன் அடிக்காம்பைக் கொத்தின் காம்பில் வைத்தேன். கீழே பிடித்திருந்த கறுப்பு மூக்குக்கண்ணாடிக் கூட்டின் மேல் மஞ்சள் தூள் விழுந்ததைப் பார்த்து, முப்பது வருடம் நடத்திய பாடம் அன்றுதான் முழுமையாகப் புரிந்ததுபோல் இருந்தது. கவை இல்லாதவர்களுக்கு மின்சாரப் பல்துலக்கி போதும். பூவின் மேல் வைக்கக் கூடாது. கொத்தின் காம்பில், பின்பக்கமாக, இரண்டு மூன்று நொடி.

நேரமும் முக்கியம். இதழ்கள் நன்றாகப் பின்னால் மடங்கிய பூவில், காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டுக்குள். மேகம் வராண்டாவுக்குள்ளேயே நுழையும் நாட்களில் ஈரப்பதம் ஏறி, தூள் ஒட்டிக் கட்டியாகிவிடும், உதிராது. அன்றைக்கு விட்டுவிட்டு வெயில் வரும் நாளில் செய்யுங்கள். ஒரு பூ இரண்டு மூன்று நாள் விரிந்திருக்கும், அவசரமில்லை. வெளிச்சம் குறைந்த மூலையாக இருந்தால் தொட்டியை இடம் மாற்றுங்கள். இருட்டில் வந்த பூவில் தூளும் குறைவு.

உதகையிலிருந்து

சார் சொன்னதை நாங்க கருவி இல்லாமச் செய்யுறோம். நான் பாலிஹவுஸ்ல, அதாவது பிளாஸ்டிக் சீட்டு போர்த்தின செடிக் கூடத்துல, வேலை செய்யுறேன். கொஞ்ச நாள் தக்காளி போட்டிருந்தாங்க. செடியெல்லாம் மேல கம்பியிலேர்ந்து தொங்குற கயித்துல சுத்தி ஏத்தியிருக்கும். பதினோரு மணி வாக்குல ஒரு குச்சியை எடுத்துக்கிட்டு வரிசை வரிசையா அந்தக் கம்பியைத் தட்டிக்கிட்டே நடப்போம். ஒரு தட்டுக்கு ஏழெட்டுச் செடி ஆடும். காலையில சீட்டுலேர்ந்து தண்ணி சொட்டுற நேரத்துல தட்டினா ஒண்ணுத்துக்கும் ஆகாது. முதல்ல பக்கவாட்டுச் சீட்டைச் சுருட்டிவிட்டு ஈரம் போகணும்.

அக்கா, வீட்டுல ரொம்ப ஓங்கித் தட்டாதீங்க. வேகமாத் தட்டி ஒரு முழுக் கொத்தை ஒடிச்சிருக்கேன், அன்னைக்கு முழுக்க மனசே சரியில்ல. உரமும் இனி கொஞ்ச நாள் வேணாம். தழை கரும்பச்சையா இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. தழைச்சத்து ஏறினா செடி இலைக்குத்தான் ஓடும்.

மறுபடியும் கோத்தகிரியிலிருந்து

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு வாரம் கழிச்சு எழுதுறேன்.

வெப்பமானி வாங்கினேன். வராண்டாவுல ராத்திரி 12 வரைக்கும் இறங்குது. அதனால சாயந்திரம் ஆறு மணிக்குத் தொட்டியெல்லாம் கூடத்துக்கு வந்துடும். உரத்தை நிறுத்திட்டேன். பையனோட மின்சாரப் பல்துலக்கியில பழைய தலை ஒண்ணை மாட்டி அத்தை கையில கொடுத்தேன். முதல் நாள் அது கையில அதிர்ற கூச்சத்துல சிரிச்சுட்டாங்க. இப்ப மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, இதழ் மடங்கின பூ எது, மடங்காதது எதுன்னு பாத்துப் பாத்து வைக்கிறாங்க. மேகம் இறங்கின நாள்ல தொடறதே இல்ல. "இன்னிக்குத் தூள் வராது, விடு"ன்னு அவங்களே சொல்லிடுறாங்க.

எண்ணுறதை மட்டும் விடல. நேத்து வரைக்கும் பதினாலு பிஞ்சு. முதல்ல பிடிச்ச மூணும் எலுமிச்சை அளவுக்கு வந்துடுச்சு. நாலாவது தொட்டியில இன்னும் ரெண்டு கொத்து விரியாம இருக்கு. தரையில விழுந்த பூ, இந்த வாரம் மொத்தமே ரெண்டு.