ரோமானியத் தேரோட்டக் களத்தை ஃபோனில் காட்ட வேண்டும்: ஏஆர் (கேமரா காட்சியின் மேல் கணினி உருவங்களைக் காட்டும் நுட்பம்) தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தில் கொல்செஸ்டரில் வசிக்கிறேன். பிரிட்டனில் இதுவரை தெரிந்த ஒரே ரோமானியத் தேரோட்டக் களம் இங்கேதான், பழைய ராணுவ முகாம் நிலத்தில், 2004இல் கண்டுபிடிக்கப்பட்டது. நீளம் சுமார் 450 மீட்டர்! ஆனால் நேரில் போனால் நிலத்துக்கு மேலே பார்க்க அதிகமில்லை. இங்குள்ள நார்மன் கோட்டையும் ரோமப் பேரரசர் கிளாடியஸுக்கான கோயிலின் அடித்தளத்தின் மேல் கட்டியதுதான். கி.பி. 60-61இல் ரோமானியரை எதிர்த்துக் கிளர்ந்த பிரிட்டன் ராணி பூடிக்காவின் படை ஊரைக் கொளுத்தியபோது, தப்பியவர்கள் கடைசியாக ஒதுங்கிய கோயில் அது. இத்தனையும் காலடியில் இருக்க, பிள்ளைகள் எதுவும் தெரியாமல் நடந்துபோவது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

அதனால், ஃபோனை உயர்த்திப் பிடித்தால் களம் அதே இடத்தில், அதே அளவில் தெரிகிற மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். முப்பரிமாண மாடலை பிளெண்டர் மென்பொருளில் செய்துவிட்டேன், யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் ஓடுகிறது. சிக்கல் இடம் பொருத்துவதில். ஜிபிஎஸ் சில மீட்டர் விலகினாலே தேர்கள் புறப்படும் வாயில்கள் பக்கத்து வீட்டுச் சுவரில் போய் நிற்கின்றன. தரையில் க்யூஆர் பலகை வைத்து அதிலிருந்து அளப்பது நல்லதா, இல்லை கேமரா காட்சியை வைத்தே இடம் கண்டுபிடிக்கும் முறைக்குப் போகலாமா? திறந்தவெளியில் செய்து பார்த்தவர்களின் அனுபவம்தான் எனக்கு முக்கியம்.

அப்புறம், மாடல் கனமாக இருப்பதால் பழைய ஆண்ட்ராய்டு ஃபோன்கள் திணறுகின்றன. பார்வையாளர் இருக்கைகளின் பாலிகன்களை (மாடலின் பரப்பை உருவாக்கும் சிறு பலகோணங்களை) எவ்வளவு குறைக்கலாம்? மாடலைப் பார்த்துச் சொல்ல யாராவது முன்வந்தால், கோப்பை அனுப்புகிறேன்.