டாப் விதென்ஸ் கல்வீட்டை ஏன் விட்டுப் போனார்கள்?

லீட்ஸ்வாசி:
போன சனிக்கிழமை பிள்ளைகளோட இங்கிலாந்து யார்க்ஷயரில் இருக்கிற ஹாவொர்த் ஊரிலிருந்து டாப் விதென்ஸ்ங்கிற பாழடைஞ்ச பண்ணைவீடு வரை நடந்தோம். மூச்சு வாங்க ஏறிப் போனா, கூரையில்லாத சுவர்கள், பக்கத்தில் ரெண்டு மரம், உள்ளே ஒரு செம்மறி படுத்து அசைபோட்டுக்கிட்டிருக்கு. வழிகாட்டிப் பலகையில் ஜப்பானிய எழுத்து வேற! எமிலி பிராண்டேவோட 'வுதரிங் ஹைட்ஸ்' நாவல்ல வர்ற வீடு இதுதான்னு சொல்றாங்களே, உண்மையா? இவ்வளவு கெட்டியான வீட்டை ஏன் விட்டுட்டுப் போனாங்க? மகள் பேய்தான் காரணம்னு அடம்பிடிக்கிறா.

சுண்ணாம்புக்காரன்:
பேய் இல்லை தம்பி, பிழைப்பும் தண்ணியும். அந்தப் பக்கம் பழைய கல்வீடுகளுக்குக் காரை பூசுற வேலையில் ஆறு வருஷம் இருந்தவன் நான்.

சுவரில் 1964-ல் பிராண்டே சங்கம் பதிச்ச பலகையைப் பார்க்கலையா? முழுசா நின்ன காலத்துலகூட எமிலி பிராண்டே எழுதின வீட்டுக்கும் இதுக்கும் ஒற்றுமை கிடையாது, இடம் வேணும்னா அவர் மனசுல இருந்திருக்கலாம்னு அதுலயே போட்டிருக்கு. கடைசி வரிதான் அழகு: பலர் விசாரிச்சதால இந்தப் பலகையாம். கேட்டுக் கேட்டே உயிரை வாங்கியிருக்காங்க.

அந்த இடம் சுமார் 420 மீட்டர் உயரம். புளிச்ச மண், ஓயாத காத்து. இந்த மேட்டுப் பண்ணைகள்ல ஆடும் வீட்டுத் தறியும் சேர்ந்துதான் சோறு போட்டுச்சு. பள்ளத்தாக்கில் மில் வந்ததும் தறி படுத்துடுச்சு. அப்புறம் ஊர்களுக்குக் குடிதண்ணிக்காக நீர்த்தேக்கங்கள் கட்டினாங்க, அதுக்குத் தண்ணி வடியுற மேட்டுப் பண்ணைகள் ஒண்ணொண்ணா காலியாச்சு. ஸ்டான்பரி ஊர் பக்கத்துல இருக்கிற லோயர் லெய்த் நீர்த்தேக்கம் 1925-ல் முடிஞ்சது. 1926 வாக்கில் இங்கே கடைசி ஆளும் கிளம்பியாச்சு. டாப், மிடில், லோயர்னு மூணு விதென்ஸ் இருந்தது. மத்த ரெண்டும் இப்ப கல்லுக் குவியல்.

கெட்டியான வீடுன்னு சொன்னீங்களே. அந்த மாதிரிச் சுவர் உண்மையில் ரெண்டு சுவர். நடுவுல பொடிக்கல் நிரப்பியிருக்கும். கூரை இருக்கிற வரை நூறு வருஷமானாலும் அசையாது. கூரை போச்சுன்னா மழை தலைவழியா இறங்கும், குளிர்ல உறைஞ்சு உப்பும், சுவர் வயிறு தள்ளிடும். அதுக்குச் சிமெண்ட் பூசினா இன்னும் மோசம், ஈரம் வெளியே வர வழியில்லை. ஒரு பண்ணைவீட்டில் அப்படி ஒரு பூச்சைத் தட்டி எடுத்தேன். பின்னாடி கல்லு நனைஞ்ச நாட்டுச் சர்க்கரை மாதிரி விரல்லயே உதிர்ந்துச்சு. உளியைத் தொடவே இல்லை.

பிராட்ஃபோர்ட் பாமா:
பேய் இல்லாட்டியும் இடி உண்டு! 1893 மே மாசம் இந்த வீட்டு மேல இடி விழுந்து, கூரை ஒரு பக்கம் பிய்ஞ்சு, ஜன்னல்லாம் சிதறிப்போச்சு. சமையலறையில் ஒரு கத்தியோட அலகு உருகிடுச்சாம். பாப்பாகிட்ட சொல்லுங்க.

லீட்ஸ்வாசி:
சொல்லிட்டேன் அக்கா. கத்தி இப்ப எங்கேன்னு கேக்குறா. அண்ணா, அடுத்த மாசம் மறுபடி போறோம், சுவர் மேல உக்காந்து போட்டோ எடுக்கலாமா?

சுண்ணாம்புக்காரன்:
வேண்டாம் தம்பி. வெளியே கல் பெஞ்சு இருக்கு, அதுல உக்காருங்க.