கிரெடிட் பூஜ்யம் காட்டுது, அவசரம்!

நித்யாஅம்மா:
எல்லோருக்கும் வணக்கம். மகள் ஸ்கூலில் இருக்கும்போதே 12 காலேஜ் கிரெடிட் முடித்துவிட்டாள். இப்போது யுனிவர்சிட்டி போர்ட்டலில் பூஜ்யம்! வியாழக்கிழமை ஓரியண்டேஷன், அன்றே வகுப்புகளுக்குப் பதிவு செய்ய வேண்டும். யாருக்காவது இப்படி ஆனதா?

ரவாதோசை:
எந்த மாநிலம்? ஏ.பி.யா (மே மாதப் பொதுப் பரீட்சை எழுதி வாங்குவது), டூயல் கிரெடிட்டா (ஸ்கூலில் இருந்துகொண்டே காலேஜ் பாடம் படிப்பது)?

கத்திரிவெயில்:
ஏ.பி.யாகத்தான் இருக்கும். மதிப்பெண்ணே ஜூலையில்தான் வரும். ஜூன் 20-க்குள் காலேஜ் பெயரைக் கொடுத்தால் ஓர் இடத்துக்கு இலவசமாகப் போகும். தவறவிட்டால் காசு கட்டி அனுப்ப வேண்டியதுதான்.

பழையபுலி:
வருடா வருடம் இதே கேள்வி. தேடிப் பார்க்கும் பழக்கம் நம்மவர்களுக்குக் கிடையாது. மாநிலம் சொல்லாமல், பாடம் சொல்லாமல் கேட்டால் இங்கே ஜோசியமா பார்க்கிறோம்?

நித்யாஅம்மா:
சாரி, அவசரத்தில் விட்டுவிட்டேன். டெக்சாஸ், அரசு யுனிவர்சிட்டி. டூயல் கிரெடிட். இங்கிலீஷ் 1301, 1302, ஹிஸ்டரி 1301, 1302. ஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டில் (கிரேடு பட்டியலில்) நான்கும் இருக்கின்றன, அதை அனுப்பியாச்சு.

நெய்மணம்:
கிரேடு என்ன? டி வாங்கியிருந்தால் சில இடங்களில் ஏறாது. எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அதுதான் ஆனது.

ரவாதோசை:
கிரேடு இருக்கட்டும். நித்யாம்மா, ஸ்கூல் டிரான்ஸ்கிரிப்ட் போதாது. கிரெடிட் கொடுத்தது கம்யூனிட்டி காலேஜ், அங்கிருந்து அஃபிஷியல் டிரான்ஸ்கிரிப்ட் தனியாகப் போக வேண்டும். மகளே லாகின் செய்து ஆர்டர் போடட்டும். நீங்கள் போன் செய்தால் பேச மாட்டார்கள். காலேஜ் பாடத்தில் சேர்ந்துவிட்டால், 18 ஆகாவிட்டாலும் அந்தப் பதிவுகளுக்கு உரிமை மாணவருக்குத்தான், இது மத்திய சட்டம். கடைசி செமஸ்டர் கிரேடு ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். 1301, 1302 எல்லாம் டெக்சாஸ் காலேஜ்களுக்குப் பொதுவான பாட எண்கள், போய்ச் சேர்ந்தால் சிக்கல் இருக்காது.

கத்திரிவெயில்:
இதற்குத்தான் ஏ.பி. எடுங்கள் என்று தலைதலையாய் அடித்துக்கொள்கிறேன்.

பழையபுலி:
ஆமாம், வருஷம் முழுக்கப் படித்து மே மாதம் ஒரே ஒரு பரீட்சையில் 5-க்கு 2 வாங்கினால் கிரெடிட் போச்சு. நல்ல யோசனை. கால்டெக் யுனிவர்சிட்டி ஏ.பி.க்குக் கிரெடிட்டே தருவதில்லை, தெரியுமா?

கத்திரிவெயில்:
கால்டெக் போகிறவர்கள் எத்தனை பேர் சார்? டூயல் கிரெடிட்டில் சி வாங்கினால் அது காலேஜ் கிரேடு, அழியாது. பின்னால் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பித்தால் அங்கே பார்க்கும் ஜி.பி.ஏ.விலும் (கிரேடு சராசரியிலும்) சேரும்.

பழையபுலி:
எல்லோர் வீட்டுப் பிள்ளையும் டாக்டரா ஆகப் போகிறது? ஏ.பி. ஆட்கள் இந்த ஒரு பூச்சாண்டியை விடவே மாட்டார்கள்.

ரவாதோசை:
சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்களேன். நித்யாம்மா, வியாழனுக்குள் வராவிட்டால் அன்அஃபிஷியல் பிரதியை அட்வைசரிடம் மகள் காட்டட்டும். இல்லாவிட்டால் மறுபடி இங்கிலீஷ் 1301-இல் உட்கார வைத்துவிடுவார்கள்.

நித்யாஅம்மா:
மகள் ஆர்டர் போட்டாள். 9 ஏறிவிட்டது, ஒரு பாடம் மட்டும் இன்னும் வரவில்லை. நன்றி.

நெய்மணம்:
எந்தப் பாடம்? கிரேடு என்ன?