அட்டைப்படத்தில் கிட்டார் பிடித்திருக்கும் பெண்: இது என்ன கார்டு?

ஆறாவது_தந்தி எழுதியது:

ஊடகப் பாடத்துக்காக ஒரு இசைப் பத்திரிகை தயாரிக்கிறேன். அட்டை, உள்ளடக்கப் பக்கம், இரண்டு பக்கப் பேட்டி, இவ்வளவுதான் வேலை. இண்டி இசை (பெரிய நிறுவனங்களைச் சாராத இசை), வாசகர்களுக்கு 15 முதல் 22 வயது என்று வைத்துக்கொண்டேன். கூடவே, "இந்தப் பத்திரிகை பதின்வயதுப் பெண்களையும் இளைஞர்களையும் எப்படிக் காட்டுகிறது?" என்று ஒரு விளக்கமும் எழுதித் தர வேண்டும்.

அட்டைக்கு என் தங்கையையே உட்கார வைத்தேன். அவளுக்கு 17 வயது, 4 வருடமாகக் கிட்டார் வாசிக்கிறாள். நேராகக் கேமராவைப் பார்க்கிறாள், சிரிக்கவில்லை, கறுப்புச் சட்டை. விளக்கத்தில் "தன்னம்பிக்கை நிறைந்த, சுதந்திரமான இளம்பெண்" என்று பெருமையாக எழுதிவிட்டேன்.

பிரின்ட் எடுத்து அவளிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இது என்ன கார்டு?" என்றாள். (கார்டு என்றால் தந்திகளை விரல்களால் அழுத்தி ஒன்றாக ஒலிக்க வைக்கும் சுரக்கூட்டு.)

அப்போதுதான் கவனித்தேன். இடது கை விரல்கள் கொடியில் துணி காயப்போட்ட மாதிரி தந்திகளின் மேல் சும்மா கிடக்கின்றன. அப்படி வைக்கச் சொன்னதே நான்தான். நிஜமாக ஒரு கார்டு பிடித்தால் மணிக்கட்டு வளைந்து, கை "அழகாக" இல்லை என்று எனக்குப் பட்டது. இன்னொன்றையும் அவள்தான் கண்டுபிடித்தாள்: ஃபோட்டோஷாப்பில் தோலை மிருதுவாக்கும்போது அவளுடைய விரல் நுனிக் காய்ப்பையும் சேர்த்து அழித்திருக்கிறேன். "4 வருஷம் வலித்து வந்தது அது" என்றாள். சண்டையெல்லாம் போடவில்லை, எழுந்து போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை.

என் கேள்வி இதுதான். நான் யாரிடமிருந்தும் காப்பியடிக்கவில்லை. ஆனாலும் இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது? இசைப் பத்திரிகைகள் உண்மையில் இந்த வயதுப் பெண்களை எப்படிக் காட்டி வந்திருக்கின்றன? பத்திரிகைகளை நிறையப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழையகேசட் எழுதியது:

நான் பத்திரிகைகளைச் சேர்த்து வைக்கிற ஆள், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள், தம்பி... மன்னிக்கவும், தங்கை. இசைப் பத்திரிகையில் இளம்பெண் வந்து நிற்கிற இடங்கள் மூன்று: பாடுகிறவளாக அட்டையில், கத்துகிற ரசிகையாகக் கூட்டத்தில், காசு கொடுத்து வாங்கும் வாசகியாகப் பக்கத்துக்கு வெளியே. இந்த மூன்று பேரையும் ஒரே பத்திரிகை ஒரே மாதிரி நடத்தியதாக எனக்கு நினைவில்லை.

ரசிகைக்குக் கிடைத்த மரியாதைதான் ரொம்பக் குறைவு. 1964-ல் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் பால் ஜான்சன் நியூ ஸ்டேட்ஸ்மன் இதழில் பீட்டில்ஸ் ரசிகைகளைப் பற்றி எழுதினார். அது அரசியல் வார இதழ், இசைப் பத்திரிகை இல்லை. மலிவான மிட்டாயால் ஊதிய முகங்கள், கடைச்சரக்கு முகப்பூச்சு என்கிற தோரணையில் போகும் அந்தக் கட்டுரை. அந்தப் பெண்கள் கத்திக் கொண்டாடிய பாட்டுகளைத்தான் பின்னாளில் கனமான ராக் பத்திரிகைகள் செவ்வியல் என்று தலையில் தூக்கி வைத்தன. பெண்கள் முதலில் கேட்டார்கள் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள். 2017-ல் ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் பேட்டியில் பாப் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் இதையேதான் திருப்பிக் கேட்டார். பாப் பிடித்த இளம்பெண்ணின் ரசனை ஏன் மட்டம், பீட்டில்ஸைக் கேட்டவர்களும் அவர்கள்தானே என்று.

ரோலிங் ஸ்டோன் தொடங்கியது 1967-ல். 1969 பிப்ரவரியிலேயே 'குரூப்பி'கள் (ராக் குழுக்களோடு சுற்றும் ரசிகைகள்) பற்றி ஒரு சிறப்பிதழ் போட்டுவிட்டார்கள். பாரன் வோல்மன் என்ற புகைப்படக்காரர் எடுத்த படங்கள். ராக் இசையைச் சுற்றியிருந்த இளம்பெண்களுக்கு அவ்வளவு பக்கம் கிடைத்தது, யாரோடு சுற்றினார்கள் என்பதற்காக.

வாசகியை மதித்த பத்திரிகை என்றால் பிரிட்டிஷ் பாப் பத்திரிகை ஸ்மாஷ் ஹிட்ஸைச் சொல்வேன். 1978 முதல் 2006 வரை வந்தது. பாட்டு வரிகளை முழுசாக அச்சிடுவார்கள், அப்புறம் நட்சத்திரங்களிடம் கிறுக்குத்தனமான கேள்விகள். பெட் ஷாப் பாய்ஸ் குழுவின் நீல் டெனன்ட் பாடகராகும் முன் அங்கேதான் வேலை பார்த்தார். வாங்கியவர்களில் ஏராளமானோர் பதின்வயதுப் பெண்கள். நட்சத்திரத்தைக் கும்பிடு என்று அவர்களுக்குச் சொல்லவில்லை, சேர்ந்து கிண்டல் செய்யலாம் வா என்றது. நடுப்பக்க போஸ்டரில் பாடகரின் மூக்கில் ஸ்டேப்ளர் பின் குத்தியிருந்தாலும் பரவாயில்லை என்று சுவரில் ஒட்டிய தலைமுறை அது. (பின்னை நகத்தால் நிமிர்த்தி, கிழியாமல் எடுப்பது ஒரு தனிக் கலை.)

பக்கம்47 எழுதியது:

நான் பக்க வடிவமைப்பாளர். இசைப் பத்திரிகை ஒன்றில் சில வருடம் இருந்தேன். பெயர் வேண்டாம்.

உங்கள் தங்கை கேட்ட கேள்வியை நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆண் கிட்டாரிஸ்ட் வந்தால் ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து வாசிக்கவிட்டு எடுப்போம். வியர்வை, கண்மூடல், நரம்பு புடைத்த கை, எல்லாம் வேண்டும். 20 வயதுப் பாடகி வந்தால் முதலில் ஸ்டூல் வரும். அப்புறம் மேக்கப், பிறகு "முகவாயைக் கொஞ்சம் இறக்குங்கள்" என்ற சொல். முகவாய் இறங்கி, கேமரா அரை அடி மேலே போனால் பார்ப்பவர் பெரியவர் ஆகிவிடுவார், படத்தில் இருப்பவள் சின்னவள் ஆகிவிடுவாள். யாரும் சதி செய்யவில்லை. கை தானாகப் போகும். உங்களுக்கும் அப்படித்தான் போயிருக்கிறது.

விளக்கத்துக்கு ஒரு நூல் தருகிறேன், பிடித்துக்கொண்டு போங்கள்: படுக்கையறை.

1999 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன் அட்டையில் பாப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ். வயது 17. டேவிட் லாசாபெல் எடுத்த படம். பட்டு விரிப்பில் படுக்க வைத்து, ஒரு கையில் தொலைபேசி, இன்னொரு பக்கம் டெலிடபி (குழந்தைகள் டிவி நிகழ்ச்சிப் பாத்திரம்) பொம்மை. அட்டை வரி அவளுடைய இதயம், மனம், படுக்கையறை மூன்றுக்குள்ளும் கூட்டிப்போவதாக ஆசைகாட்டியது. குழந்தை என்றும் சொல்ல வேண்டும், குழந்தை இல்லை என்றும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் பொம்மை.

2019 ஆகஸ்டில் அதே பத்திரிகையின் அட்டையில் பாடகி பில்லி ஐலிஷ். அவருக்கும் 17 வயது. அவரைப் பற்றி எழுதியவர்களெல்லாம் ஒரு படுக்கையறையைச் சொன்னார்கள், அண்ணன் ஃபினியஸின் அறை. அந்த வருடத்து ஆல்பத்தை இருவரும் அங்கேதான் பதிவு செய்தார்கள். 20 வருட இடைவெளியில் படுக்கையறை ஸ்டுடியோ ஆகிவிட்டது.

அது புதுசும் இல்லை. ஆய்வாளர்கள் ஏஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் 1970-களிலேயே எழுதினார்கள்: இளைஞர் பண்பாடு என்று ஆய்வாளர்கள் தெருவில் நின்ற பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெண்கள் தங்கள் அறைக்குள் போஸ்டரும் ரெக்கார்டும் தோழிகளுமாக ஒரு தனி உலகம் வைத்திருந்தது கண்ணில் படவே இல்லை என்று. பத்திரிகைகள் அந்த அறைக்குள் போஸ்டரை விற்றன, ஆனால் அங்கே உட்கார்ந்து அவள் என்ன கேட்கிறாள், எதை மட்டம் என்கிறாள் என்று கேட்கவில்லை.

சும்மா_சொல்கிறேன் எழுதியது:

ஒரு மறுப்பு. பையன்களையும்தான் அப்படிக் காட்டுகிறார்கள். சட்டை கழற்றிய பாய் பேண்ட் (பையன்கள் மட்டுமே உள்ள பாப் குழு) போஸ்டர் யாருக்காக? பத்திரிகை விற்க வேண்டாமா? அப்புறம், பெண்ணுடலைச் சொன்னாலே தப்பு என்றும் இல்லை. 1994 மே மாதம் கியூ என்ற பிரிட்டிஷ் இசைப் பத்திரிகையின் அட்டையில் பியார்க், பி.ஜே. ஹார்வி, டோரி ஏமோஸ் என்ற மூன்று பாடகிகளையும் நிறுத்தி, இடுப்பு, உதடு, மார்பு, சக்தி என்று தலைப்பு வைத்தார்கள். அந்த முழக்கமே சில்வர்ஃபிஷ் என்ற ராக் குழுவின் பாடகி கத்தியதுதான்.

பக்கம்47 எழுதியது:

@சும்மா_சொல்கிறேன், கியூ விஷயம் நல்ல உதாரணம், ஆனால் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்கிறேன். தன் உடலைச் சொல்லி ஒருத்தி தானே கத்துவது வேறு. மூன்று பாடலாசிரியைகளின் படத்துக்கு மேல் வேறொருவர் அதை அச்சடிப்பது வேறு. சொல் அதேதான், வாய்தான் மாறியது. பாய் பேண்ட் விஷயத்தில் உங்களோடு பாதி உடன்படுகிறேன். அந்தப் பையன்களையும் கனமான பத்திரிகைகள் மதிக்கவில்லை. ஏன்? ரசிகர்கள் பெண்கள் என்பதால்.

வேர்க்கடலை எழுதியது:

எல்லோரும் அட்டையையே பேசுகிறீர்கள். பைலைனை, அதாவது எழுதியவர் பெயரைப் பாருங்கள். 1976-ல் என்எம்இ என்ற பிரிட்டிஷ் இசை வார இதழ் புது எழுத்தாளர்கள் வேண்டும் என்று விளம்பரம் செய்தபோது வேலைக்கு வந்த ஜூலி பர்ச்சிலுக்கு 17 வயது. இன்னொரு இசை வார இதழான மெலடி மேக்கரில் கெய்ட்லின் மொரான் எழுதத் தொடங்கியது 16-ல். அதே வயது, அதே மாதிரிப் பத்திரிகை, ஆனால் தீர்ப்புச் சொல்கிற நாற்காலியில். இடம் கிடைக்காதவர்கள் சொந்தமாகவே செய்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரில் ரயட் கேர்ல் என்ற பெண்ணிய பங்க் இசை இயக்கத்துப் பெண்கள் ஜெராக்ஸ் எடுத்து, வெட்டி ஒட்டி, கைப்பட எழுதி ஃபான்சீன்கள் (ரசிகர்களே தயாரிக்கும் சிறு பத்திரிகைகள்) விட்டார்கள். பெரிய பத்திரிகைகள் தங்களைப் பற்றி எழுதிய விதம் பிடிக்காமல் பேட்டியே தர மாட்டோம் என்று பலர் நிறுத்தியும் விட்டார்கள்.

உங்கள் இரண்டு பக்கப் பேட்டியை எழுதியது யார்? தங்கை என்ன சொன்னாள் அதில்?

ஆறாவது_தந்தி எழுதியது:

@வேர்க்கடலை, நல்ல இடத்தில் குத்தினீர்கள். பேட்டியை நானே கற்பனையாக எழுதினேன். அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பெரிய எழுத்தில் பிரித்துப் போட்டிருந்த மேற்கோள்: "இசைதான் என் உயிர்". காட்டியபோது, "நான் எப்போது இப்படிப் பேசினேன்?" என்றாள்.

நேற்று உட்கார்ந்து நிஜமாகவே கேட்டேன். 40 நிமிடம் பேசினாள், அதில் பாதி எஃப் பார் கார்டைத் (ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்த வேண்டிய கார்டு) திட்டியது. முதல் 6 மாதம் அந்தக் கார்டு வருகிற பாட்டுகளையே தவிர்த்தாளாம். மேற்கோளை மாற்றிவிட்டேன்: "எஃப் வந்தால் பாட்டையே மாற்றிவிடுவேன்."

படத்தையும் திரும்ப எடுத்தோம். கேமராவை அவள் கண் மட்டத்துக்கு இறக்கினேன், என்ன வேண்டுமோ வாசி என்று விட்டுவிட்டேன். 60 படத்தில் ஒன்றில்கூட அவள் கேமராவைப் பார்க்கவில்லை. எனக்குப் பிடித்த படத்தில் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு இடது கையைப் பார்க்கிறாள், வலது கை அசைவில் மங்கலாகிவிட்டது. "அட்டையில் இருப்பவர் வாசகரைப் பார்க்க வேண்டும்" என்று ஆசிரியர் குறிப்பில் இருக்கிறது, மதிப்பெண் போகலாம். @பக்கம்47, இதை அட்டையில் வைக்கலாமா?

பக்கம்47 எழுதியது:

வையுங்கள். பத்திரிகைப் பெயரை மேலே இடது பக்கம் தள்ளுங்கள், அட்டை வரிகள் எல்லாம் வலது ஓரத்தில். இடது கை மேல் ஒரு எழுத்தும் விழக்கூடாது. என்ன கார்டு அது?

ஆறாவது_தந்தி எழுதியது:

கேட்டுவிட்டு வந்தேன். எஃப்.