பழைய ஃபிளாப்பியில் இருக்கும் மங்கி ஐலண்ட் விளையாட்டைப் புதிய மடிக்கணினியில் ஓட்டுவது எப்படி?

ஈசூன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறைக்கு வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது, பொருள்களைப் போட்டு வைக்கும் பாதுகாப்பு அறையின் மேல்தட்டில் அண்ணனின் ஃபிளாப்பிப் பெட்டி அகப்பட்டது. 1993-இல் அப்பா வாங்கித் தந்த 486 கணினியில் நாங்கள் இருவரும் விளையாடியவை. அண்ணன் இப்போது பெர்த்தில் இருக்கிறார். என் மகன் தொடக்கநிலை 5. இந்த விடுமுறையில் அவனோடு உட்கார்ந்து இவற்றை மறுபடி விளையாட வேண்டும் என்று மிகவும் ஆசையாக இருக்கிறது.

யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கி, மங்கி ஐலண்ட் முதல் பாகத்தின் நான்கு ஃபிளாப்பிகளையும் நான்கு ஃபோல்டர்களாகப் பிரதி எடுத்தேன். மூன்றாவது மட்டும் கரகரவென்று சத்தம் போட்டுவிட்டுப் பாதியில் நின்றது. விளையாட்டை இரட்டைச் சொடுக்கினால், இந்தக் கணினியில் இது ஓடாது என்ற செய்தி வருகிறது. மடிக்கணினியில் விண்டோஸ் 11.

ஒரு காணொளியைப் பார்த்து, பழைய விளையாட்டுகளை ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற நிரலைப் போட்டேன். அதில் ஸ்பேஸ் குவெஸ்ட் 4 திறக்கிறது, ஆனால் பேய்வேகம். நான் ஓர் அடி வைப்பதற்குள் எதிரி சுட்டுவிடுகிறான். சத்தமும் இல்லை. மங்கி ஐலண்ட் அதிலும் திறக்கவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

பழைய486:

சகோதரி, முதலில் அந்த மூன்றாவது ஃபிளாப்பியை டிரைவுக்குள் மறுபடி போடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதன் உலோக மூடியை விரலால் ஒதுக்கி, உள்ளே இருக்கும் கறுப்புத் தகட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் பூஞ்சணம். நம் சிங்கப்பூரில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். காற்றோட்டமில்லாத பாதுகாப்பு அறையில் இருந்த ஃபிளாப்பிக்கு இது வராமல் இருந்தால்தான் வியப்பு. பூஞ்சணத்தோடு ஓட்டினால் டிரைவின் தலை தகட்டைக் கீறும். அழுக்கு தலையில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல ஃபிளாப்பியையும் கெடுக்கும்.

ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், 99 விழுக்காடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பஞ்சுக் குச்சியை அதில் லேசாக நனைத்து, அழுத்தாமல் துடையுங்கள். ஃபிளாப்பியின் பின்புறம் நடுவில் இருக்கும் உலோக வட்டைத் திருப்பினால் தகடு சுழலும், முழுச் சுற்றையும் இரண்டு பக்கமும் துடைக்கலாம். நன்றாகக் காய்ந்த பிறகே டிரைவில் போடுங்கள். போடுவதற்கு முன் மூலையில் இருக்கும் சிறு தாழ்ப்பாளைத் தள்ளி, துளை திறந்திருக்கும்படி வைத்துவிட்டால் அந்த ஃபிளாப்பியில் எதுவும் எழுதப்படாது. படிக்க முடியாத ஃபிளாப்பியைப் பார்த்ததும் விண்டோஸ் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்றே சொல்லுங்கள். அந்த ஒரு சொடுக்கில் போய்விட்டால் திரும்ப வராது.

இனி ஏன் ஓடவில்லை என்பது. அந்த விளையாட்டுகள் 16 பிட் நிரல்கள். அவற்றை ஓட்டித் தந்த உள்ளமைப்பு 32 பிட் விண்டோஸோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். ஆகவே விளையாட்டு கெட்டுப்போகவில்லை, அதற்கான இடம்தான் கணினியில் இல்லை. அந்த இடத்தை நாம் தனியாக உண்டாக்கித் தர வேண்டும்.

தெம்பனிஸ் தம்பி:

அக்கா, உங்களிடம் இருக்கும் இரண்டுக்குமே டாஸ்பாக்ஸைவிட ஸ்கம்விஎம் நல்லது. டாஸ்பாக்ஸ் பழைய கணினியையே பாவனையாக உருவாக்கி, அதற்குள் விளையாட்டை ஓட்டும். ஸ்கம்விஎம் அப்படிச் செய்வதில்லை. விளையாட்டின் படம், இசை, கதை இருக்கும் ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இயக்கும் வேலையைத் தானே செய்கிறது. 2001-இல் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தின் விளையாட்டுகளுக்காகத் தொடங்கிய இலவசத் திட்டம், பிற்பாடு சியெரா நிறுவனத்தின் விளையாட்டுகளும் சேர்ந்தன. ஸ்பேஸ் குவெஸ்ட் 4-உம் அதில் ஓடும். வேகத்தை அதுவே பார்த்துக்கொள்வதால் எதிரி உங்களுக்கு முன்னால் சுட மாட்டான்.

மங்கி ஐலண்ட் திறக்காததற்குக் காரணம் உங்கள் நான்கு ஃபோல்டர்கள். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டுங்கள். எல்இசி என்று முடியும் ஃபைல்கள் நான்கு, எல்எஃப்எல் என்று முடியும் ஃபைல்கள் ஐந்து இருக்க வேண்டும். ஸ்கம்விஎம்மைத் திறந்து, விளையாட்டைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால், ஃபைல்களைப் பார்த்து அதுவே பெயரைச் சொல்லிவிடும்.

அதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பினீத் எ ஸ்டீல் ஸ்கை என்ற 1994 விளையாட்டை 2003-இல் இலவசமாக்கிவிட்டார்கள். ஸ்கம்விஎம் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அது ஓடினால் உங்கள் கணினியில் கோளாறு இல்லை, ஃபிளாப்பியில்தான் என்று தெளிவாகிவிடும். நான் எதையும் இப்படித்தான் தொடங்குவேன், பாதி நேரம் மிச்சமாகும்.

பழைய486:

தம்பி சொன்னது சரி. ஆனாலும் டாஸ்பாக்ஸை அழித்துவிடாதீர்கள். பெட்டியில் 1989-இன் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா போல ஏதாவது இருந்தால் அதற்கு டாஸ்பாக்ஸ்தான் வேண்டும்.

உங்கள் வேகக் கோளாறு அந்தக் காணொளியிலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில், வேகத்தைக் குறிக்கும் சைக்கிள்ஸ் என்ற வரியில் மேக்ஸ் என்று போடச் சொன்னார்களா? அப்படிப் போட்டால் இன்றைய கணினியின் வேகம் முழுவதும் 1991-இன் விளையாட்டுக்குப் போய்விடும். ஆட்டோ என்று மாற்றுங்கள். விளையாடும்போதே கன்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும்.

சத்தம் வராததற்கு வேறு காரணம். ஸ்பேஸ் குவெஸ்ட் ஃபோல்டரிலேயே இன்ஸ்டால் என்ற நிரல் இருக்கும். அதை டாஸ்பாக்ஸுக்குள் ஓட்டி, சவுண்டு பிளாஸ்டர் என்ற சவுண்டு கார்டைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கார்டுக்கு அது கேட்கும் எண்கள்: முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1. டாஸ்பாக்ஸ் வழக்கமாகத் தருவது இந்த எண்கள்தான். உங்கள் பழைய கணினியில் சவுண்டு கார்டு இருந்ததா?

ஈசூன்வாசி:

அண்ணா, இல்லை! பெட்டிக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கரின் கீச்சுச் சத்தம்தான் எங்களுக்குத் தெரிந்த இசை. சைக்கிள்ஸ் வரியில் நீங்கள் சொன்னபடியே மேக்ஸ் என்றுதான் இருந்தது.

மூன்றாவது ஃபிளாப்பியில் வெள்ளைப் பொட்டுகள் நிறையவே இருந்தன. துடைத்து, ஓர் இரவு காயவைத்து, டிரைவின் தலையையும் துடைத்தேன். நான்காவது முயற்சியில் முழுவதும் படித்துவிட்டது. ஒன்பது ஃபைல்களும் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. ஸ்கம்விஎம் பெயரைச் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது இரண்டு சந்தேகங்கள். ஒன்று, முகங்கள் எல்லாம் அமுக்கிவிட்டதுபோல் அகலமாகத் தெரிகின்றன. இன்னொன்று, தொடக்கத்தில் கடற்கொள்ளையன் முகத்தைக் காட்டி ஆண்டு கேட்கும் அல்லவா, அது வரவில்லை. அந்த முகத்தைச் சுற்றிப் பொருத்தி ஆண்டைக் கண்டுபிடிக்க, விளையாட்டுப் பெட்டியோடு வந்த அட்டைச் சக்கரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அண்ணன் மவுஸைப் பிடித்துக்கொள்வார், சக்கரம் சுற்றுவது என் வேலை. மகனிடம் அதைக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தேன்.

தெம்பனிஸ் தம்பி:

முகம் அகலமாவதற்கு, அமைப்பில் கிராபிக்ஸ் பக்கத்தில் விகிதத்தைச் சரிசெய்யும் தேர்வை இயக்குங்கள். அந்தப் படங்கள் 320-க்கு 200 புள்ளிகள். அன்றைய 4-க்கு 3 திரை அவற்றை மேலும் கீழும் இழுத்துக் காட்டியது, ஓவியர்களும் அதற்கேற்றபடிதான் வரைந்தார்கள். இன்றைய திரை இழுக்காமல் அப்படியே காட்டுகிறது. டாஸ்பாக்ஸிலும் ஆஸ்பெக்ட் என்ற வரியில் ட்ரூ என்று போட்டால் சரியாகும்.

சக்கரம் திருட்டுப் பிரதியைத் தடுக்க வைத்தது. உங்கள் 256 வண்ணப் பதிப்பில் ஸ்கம்விஎம் அந்தக் கேள்வியைத் தானாகவே தாண்டிவிடும். பலர் சக்கரத்தைத் தொலைத்துவிட்டார்களே. ஆனால் திரும்பக் கொண்டுவரலாம் அக்கா. ஸ்கம்விஎம்மின் அமைப்புக் கோப்பை நோட்பேடில் திறந்து, மங்கி ஐலண்ட்டுக்கான பகுதியில் புது வரி ஒன்று சேருங்கள்: ஆங்கிலத்தில் காப்பி, அடிக்கோடு, ப்ரொடெக்‌ஷன், சமக்குறி, ட்ரூ, நடுவில் இடைவெளி இல்லாமல். சேர்க்கும்போது ஸ்கம்விஎம் மூடியிருக்கட்டும், இல்லையென்றால் உங்கள் வரியை அது அழித்து எழுதிவிடக்கூடும். விகிதத்தை முதலில் சரிசெய்யுங்கள். அப்போதுதான் திரையில் வரும் முகமும் சக்கரத்தில் இருக்கும் முகமும் ஒத்துப்போகும்.

பழைய486:

அந்தச் சக்கரத்தை இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள். ஃபிளாப்பிகளின் பிரதியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டாம், அண்ணனுக்கும் ஒன்று அனுப்புங்கள். மூல ஃபிளாப்பிகளைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போடுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் ஈரம் நீக்கும் அலமாரி வீட்டில் இருந்தால் அதில் ஒரு மூலை போதும். பாதுகாப்பு அறைக்குத் திரும்பிப் போக வேண்டாம்.

ஈசூன்வாசி:

வந்துவிட்டது! கொள்ளையன் முகம் பழைய மாதிரியே நீளமாக இருக்கிறது. கண்ணையும் வாயையும் தனித்தனியாகப் பொருத்த வேண்டும் என்பது மகனுக்கு முதலில் புரியவில்லை. நான் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறை அவனே கண்டுபிடித்து ஆண்டைத் தட்டினான், உள்ளே விட்டது. ஸ்பேஸ் குவெஸ்ட்டும் ஸ்கம்விஎம்மில் ஒழுங்கான வேகத்தில், முழு இசையோடு ஓடுகிறது. அந்த இசையை இன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன்.

பெர்த்துக்குப் பிரதி அனுப்பியாயிற்று. சக்கரத்தின் ஸ்கேனை உடனே அனுப்பு, இன்று இரவே தொடங்குகிறேன் என்று அண்ணனிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. இருவருக்கும் மிகவும் நன்றி. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவும் பெட்டியின் அடியில் இருந்தது, அதைத் துடைத்துக் காயவைத்திருக்கிறேன்.