வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை

கேள்வி: தோட்டத்து அம்மா, சுங்கை சிப்புட்

வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வசிக்கிறோம். ஆட்டிசம் உள்ள எங்கள் மகனுக்கு ஏழு வயது. பேச்சு மிகக் குறைவு. காரில் ஏறினால், தோட்டத்துச் செம்மண் பாதையைத் தாண்டுவதற்குள்ளாகவே காதுகளைப் பொத்திக்கொண்டு முன் இருக்கையை உதைக்கத் தொடங்குகிறான். சற்று நேரத்தில் வாந்தி எடுக்கிறான். தீபாவளிக்குக் கிள்ளானில் உள்ள மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும். கைப்பேசியைக் கொடுத்தால் அடங்குகிறான், ஆனால் வாந்தி முந்திக்கொள்கிறது. கோடாலித் தைலம் தடவும்படி பெரியவர்கள் சொல்கிறார்கள். அவனோ அந்த மூடியைத் திறந்தாலே ஓடுகிறான். தூக்கம் வரும் மருந்தைக் கொடுத்து அழைத்துச் செல்லலாமா?

பதில் 1: சிறப்புக் கல்வி ஆசிரியை

வணக்கம், சகோதரி. உதைப்பதையும் வாந்தியையும் இரு வேறு தொல்லைகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உதைப்பதே வாந்தியின் முன்னறிவிப்பாகத் தோன்றுகிறது. வண்டி குலுங்குவதை உட்காது உணர்கிறது, கண்ணோ அசையாத இருக்கை முதுகைப் பார்க்கிறது. இந்த முரண்பாட்டால்தான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வரை இது எல்லாப் பிள்ளைகளிடமும் அதிகம் காணப்படும். ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு, பசி, வயிற்றுப் பிரட்டல் போன்ற உடலின் உள் உணர்வுகளை இன்னதென்று பிரித்தறிவது கடினம். சொற்களும் இல்லையென்றால் அது உதையாகவோ அலறலாகவோதான் வெளிப்படும். அந்த நேரத்தில் அதட்டுவதால் பயனில்லை.

அடுத்த முறை காரில் அவன் முகத்தையே கவனியுங்கள். அடிக்கடி கொட்டாவி விடுவது, உதட்டைச் சுற்றி வெளுப்பது, எச்சிலை விழுங்கிக்கொண்டே இருப்பது, நெற்றி வியர்ப்பது, ஓயாமல் முனகுபவன் திடீரென்று அமைதியாவது ஆகியவை பெரும்பாலும் வாந்திக்கு முன்னரே தெரியும். அவற்றில் ஒன்றைக் கண்டவுடன் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, இறக்கி, காற்றாட நடக்க விடுங்கள்.

செம்பனை வரிசைகள் பக்கக் கண்ணாடியில் விரைந்து ஓடுவதும் சில பிள்ளைகளுக்கு ஆகாது. பக்கக் கண்ணாடிக்கு நிழல்திரை போட்டு, முன்பக்கச் சாலை தெரியும்படி பின் இருக்கையின் நடுவில் அமர்த்தலாம். ஆனால் அங்கே தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்றுமுனைப் பட்டை இருந்தால்தான் பிள்ளையை உயர்த்தி அமர்த்தும் பூஸ்டர் இருக்கையை வைக்க வேண்டும். குழந்தை இருக்கை 2020 முதல் நம் நாட்டில் சட்டப்படி கட்டாயம் என்பதையும் உறவினர்களிடம் சொல்லி வையுங்கள், "மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்று யாராவது ஒருவர் கிளம்புவார். கைப்பேசியில் படம் காட்டாமல், அவனுக்குப் பிடித்த பாட்டை மட்டும் ஒலிக்க விடுங்கள். இந்த மாற்றத்தை வீட்டிலேயே, வண்டி ஓடாதபோதே, தொடங்க வேண்டும். வயிறு பிரட்டும்போது அவன் எடுத்துக் காட்ட, வயிற்றின் படம் போட்ட அட்டையையும் அப்படியே பழக்குங்கள்.

பதில் 2: மருந்தாளுநர்

தூங்க வைப்பதற்காக மருந்து கொடுக்காதீர்கள். பயணக் குமட்டலுக்கு டைமென்ஹைட்ரினேட் போன்ற மருந்துகள் உள்ளன. குமட்டல் தொடங்கிய பிறகு கொடுப்பதைவிட, புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் கொடுப்பதே பயன் தரும். அளவைப் பிள்ளையின் எடையையும் வயதையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். இவ்வகை மருந்துகள் சில பிள்ளைகளுக்குத் தூக்கத்துக்கு மாறாகப் பரபரப்பைத் தரக்கூடும் என்பதால், பயணமில்லாத ஒரு நாளில் முதலில் கொடுத்துப் பார்க்கலாமா என்றும் அவரிடமே கேளுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் எரிச்சலைத் தணிக்கத் தரப்படும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்தை மகன் எடுத்துக்கொண்டால் அதைச் சொல்லாமல் விடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் மயக்கம் கூடும். வயிற்றுப்போக்கு வந்தபோது வாங்கி மீந்திருக்கும் வாந்தி மருந்தைக் கொடுப்பவர்களும் உண்டு. அவற்றில் பலவும் பயணக் குமட்டலுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. மலச்சிக்கலும் குமட்டலைக் கூட்டக்கூடும்; அது இருந்தால், பயணத்துக்குச் சில நாள்களுக்கு முன்பே அதற்கு வழி பாருங்கள்.

பதில் 3: இரு பிள்ளைகளின் தந்தை, தாப்பா

தைலம் வேண்டாம், சகோதரி. அவன் மூக்கு சொல்வதைக் கேளுங்கள். காரில் தொங்கும் வாசனைப் பொருளையும் எடுத்துவிடுங்கள், முறுக்கு டின்களைப் பின்பெட்டியில் வையுங்கள். புறப்படும் முன் அவன் வழக்கமாகச் சாப்பிடும் உலர்ந்த பிஸ்கட் கொஞ்சம் போதும். வெறும் வயிறு, நிறைந்த வயிறு இரண்டுமே கெடுதல். பண்டிகைக் காலத்தில் நெடுஞ்சாலையின் பெரிய ஓய்வுத்தளங்கள் இரைச்சலாக இருக்கும்; சிறிய நிறுத்துமிடங்கள் அவனுக்கு ஏற்றவை. அவசரத் தடத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

முடிந்தால் ஈப்போவிலிருந்து இடிஎஸ் மின்ரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரல் வரை சென்று, அங்கிருந்து கொமுட்டர் என்னும் புறநகர் ரயிலில் கிள்ளான் போகலாம். வளைவுகளும் குலுக்கலும் குறைவு, நடக்கவும் இடமுண்டு. எல்லா இருக்கைகளும் முன்னோக்கியவை அல்ல என்பதால் டிக்கெட் எடுக்கும்போதே திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளி நெருங்க நெருங்க இடம் கிடைக்காது, இப்போதே எடுத்துவிடுங்கள்.